ஒரு கிணறு, இரண்டு மந்திரிகள்

என் மனைவியை ஊரில் மந்திரி என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது என் அண்ணன். கல்யாணமான புதிதில் ஆடு வாங்கினாலும் சரி, வேலி போட்டாலும் சரி, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பேன். "ராஜா எதையும் மந்திரியைக் கேட்டுத்தான் செய்வார்" என்று நாலு பேர் முன்னால் அவன் கிண்டலடித்தான். எனக்குக் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அன்றோடு அப்படிச் சொல்வதை விட்டேன். கேட்பதை மட்டும் விடவில்லை.

அவள் காட்டு வேலைக்குப் பிறந்தவள் இல்லை. அவள் அப்பா பஸ் கண்டக்டர். எட்டாவது வரை படித்தவள். வந்த முதல் வருஷம் களை எடுக்கப் போய், புல்லை விட்டுவிட்டு ஒரு பாத்தி வெங்காய நாற்றைப் பிடுங்கி வரப்பில் அழகாக அடுக்கி வைத்தாள். ஊரே சிரித்தது, நானும்தான். என் அண்ணி மட்டும் சிரிக்காமல் அந்த நாற்றையெல்லாம் அள்ளிப் போய்த் திரும்ப நட்டுக் கொடுத்தார். இப்போது என் மனைவி வெறும் காலோடு வயலில் நாலு எட்டு வைத்தால் போதும், "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்பாள். தாங்கும்.

நான் மூன்று மணி நேர பஸ் தூரத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப பஸ் ஏறுவேன். இருபத்தெட்டு வருஷம் இதுதான் என் குடித்தனம். மற்ற ஆறு நாளும் நிலம், மாடு, கூரை, எங்கள் ஒரே பெண்ணின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் அவள் தலையில்.

ஆனாலும் முடிவெடுப்பது நான்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு டீ கிளாஸோடு உட்காருவேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அந்த வாரத்து விஷயங்களை ஒவ்வொன்றாக எடுப்பாள்.

"ஏங்க, மாட்டுக் கொட்டகைக்கு ஓடு போடலாமா, தகரம் போடலாமா?"

நான் யோசிப்பேன். இரண்டு வாய் டீ குடிப்பேன். "தகரமே போட்ரு."

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

தகரம் வியாழக்கிழமையே வந்து வீட்டுக்குப் பின்னால் சாத்தியிருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். "நான் ஓடுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டீங்க. ஓடுன்னா நீங்கதானே ஏணியில ஏறி மாத்தணும்."

விதைப்பு விஷயமும் இதே கதைதான். "வெங்காயம் இந்த வாரம் நடலாமா, ரெண்டு வாரம் போகட்டுமா?" என்பாள். நான் வீராப்பாக "இந்த வாரமே" என்றால் "சரிங்க" என்பாள். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் வயல் காலியாக இருக்கும். ஆள் கிடைக்கவில்லை, நாற்று இன்னும் தேறவில்லை என்று ஏதாவது காரணம் இருக்கும். சரியாக இரண்டு வாரம் கழித்து நடவு நடக்கும். அவளுடைய 'சரிங்க'வில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றுக்கு அர்த்தம், சரி. இன்னொன்றுக்கு, நீங்க பேசி முடிச்சாச்சுன்னா நான் போய் வேலையைப் பாக்கறேன். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வாள். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

இனி கிணற்றுக்கு வருகிறேன். என் நிலமும் அண்ணன் நிலமும் அடுத்தடுத்து. நடுவில் அப்பா விட்டுப்போன கிணறு, ஆளுக்குப் பாதி. பக்கத்தில் ஒரு மோட்டார் அறை. அதற்குள் இரண்டு மோட்டார்கள். அவனுடையது நீலம், என்னுடையது பச்சை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், நான் தண்ணீர் விட வேண்டிய காலையில் அவன் தன் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அப்போது லீவில் இருந்தேன். போய் ஸ்விட்சை அணைத்தேன். அவன் போட்டான். நான் அணைத்தேன். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பளைகள் ஒரு ஸ்விட்சோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். அப்புறம் வாய் நீண்டது, செத்துப்போன அப்பாவையெல்லாம் இழுத்தோம். "உன் வாசல்ல இனிமே கால் வைக்க மாட்டேன்" என்றேன். "யாரு கூப்பிட்டா?" என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து முறை வைத்தார்கள். திங்கள், செவ்வாய், புதன் அவனுக்கு. வியாழன், வெள்ளி, சனி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது. காலையில் அவன், மத்தியானத்துக்கு மேல் நான் என்று பிரித்துக் கொடுக்க வந்தார்கள். "எனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம், கிணறு சும்மா கிடக்கட்டும்" என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். வாரத்தில் நான் ஊரில் இருக்கும் ஒரே நாளில் கிணற்றங்கரையில் ஒன்றுமே நடக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளுக்கும் உத்தரவு போட்டேன். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது, கொடுக்கல் கிடையாது, வாங்கல் கிடையாது. "சரிங்க" என்றாள்.

அதற்கடுத்த வருஷம் மில்லில் ஓர் இரும்பு உருளை என் இடது காலில் விழுந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. பெண்ணைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அவள் நாற்பது நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். வயலில் கத்தரி பூவெடுத்திருந்த நேரம். படுத்த இடத்திலிருந்தே நான் உத்தரவு போடுவேன். "இன்னைக்குத் தண்ணி கட்டச் சொல்லு. புழு பாக்கச் சொல்லு." அவள் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து "சொல்லிட்டேங்க" என்பாள். அந்த வருஷம் கத்தரி சக்கைப்போடு போட்டது. படுக்கையில் இருந்தே விவசாயம் பார்த்தவன் நான் என்று மில்லில் பல வருஷம் சொல்லித் திரிந்திருக்கிறேன். கேட்டவர்களும் பாவம், தலையை ஆட்டியிருக்கிறார்கள்.

போன வருஷம் மில்லை மூடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் பெட்டியோடு ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினேன். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து, "இனிமே நீ ஒண்ணுக்கும் அலைய வேண்டாம், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றேன். மனதார, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தி என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க."

திங்கட்கிழமை விளக்கு ஸ்விட்சை இடம் மாற்றினேன். அவள் கை மூன்று நாள் பழைய இடத்திலேயே சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை கோழிக்கூண்டுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்தேன். அதுவரை எங்கள் கோழிகள் களவு போனதாகவோ ஓடிப்போனதாகவோ கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் எல்லாம் ஒழுங்கில் இருக்க வேண்டும் இல்லையா?

அந்தத் திங்கட்கிழமையே ஒன்று என் கண்ணில் பட்டது. எங்கள் வெங்காயத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திங்கள் அண்ணன் முறை.

"இன்னைக்கு அவங்க நாளாச்சே?"

"அவங்களுக்கு இன்னைக்கு வேண்டாமாம்" என்றாள் மடையைத் திருப்பிக்கொண்டே.

அண்ணன் ஒரு வழியாக இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்து எனக்குள்ளே ஒரு சந்தோஷம். யார் யாரிடம் 'வேண்டாம்' என்று சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் போனால், என் நாளில் தண்ணீர் அண்ணனுடைய மக்காச்சோளத்துக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது. வாய்க்கால் முனையில் மண்வெட்டியோடு நிற்பது என் மனைவி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக மோட்டார் அறைக்குப் போனேன். ஒன்பது வருஷமாக அதற்குள் நான் போனதில்லை. நீல மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு என் ஸ்விட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. மூலையில் ஒரு சாக்கு. விலக்கினால், என் பச்சை மோட்டார், செம்புக் கம்பி சுற்றிய காயில் இல்லாமல் வெறும் கூடாகக் கிடக்கிறது. உள்ளே எலி குடித்தனம் நடத்திப் போயிருந்தது.

மில்லில் நின்றுபோனதையெல்லாம் ஓட வைத்த ஃபிட்டர் நான். என் வீட்டு மோட்டார் செத்து எத்தனை வருஷமோ, எனக்குத் தெரியாது. முகத்தில் அசடு வழிய நின்றிருந்தேன். பின்னாலேயே வந்து சேர்ந்தவள் சொன்னாள்:

"நாலு வருஷம் ஆச்சுங்க. காயில் போயிடுச்சு. கிணத்துல ரெண்டு மோட்டாருக்குத் தண்ணி ஏது? ஒண்ணே போதும்னு விட்டுட்டோம்."

"விட்டுட்டோம்னா? யாரு யாரு?"

"நானும் அக்காவும்."

அக்கா என்றால் என் அண்ணி. ஒன்பது வருஷமாக நான் பேசக் கூடாது என்று சொன்ன அதே அண்ணி.

அங்கேயே குட்டு எல்லாம் வெளிப்பட்டது. முறை என்று ஒன்று எட்டு வருஷமாகவே இல்லையாம். கிழமையைப் பார்க்காமல் பயிரைப் பார்த்துத் தண்ணீர் விடுவது என்று ஓரகத்திகள் இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கக் கூடாது என்பதற்காக, அவர்கள் நட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் நாங்கள் நடுவோமாம். நான் டீ குடித்து யோசித்துச் சொன்ன தேதியெல்லாம் முன்கூட்டியே வரப்பில் நின்று முடிவானவை. எப்போதாவது நடுவாரத்தில் நான் லீவில் வந்தால், அந்த இரண்டு மூன்று நாளும் இருவரும் கிழமை தவறாமல் எனக்காக நடித்திருக்கிறார்கள்.

"இப்பவும் நடிச்சிருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ரெண்டு நாள்னா சமாளிக்கலாம். ஆயுசுக்கும் முடியுமா? அவங்க சோளம் கதிர் புடிக்குது. இப்ப ரெண்டு தண்ணி தப்பினா வெறும் சக்கைதான். நம்ம வெங்காயமும் கிழங்கு வைக்கிற நேரம். தண்ணி இல்லேன்னா கோலிக்குண்டுதான் மிஞ்சும்."

எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் நான் வீட்டுக்குப் போய்க் கோழிக்கூண்டுப் பூட்டை எடுத்து வந்து மோட்டார் அறையில் போட்டுவிட்டேன். என் மோட்டாருக்குக் காயில் கட்டி முடிக்கிற வரையில் யாருக்கும் தண்ணீர் கிடையாது, அதற்குப் பிறகு முறை முறைதான் என்று சொன்னேன். இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கம் வரவில்லை. இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்துபோன கோபம் அது.

அவள் கத்தவில்லை, அழவில்லை. "நீங்க பூட்டினா பூட்டினதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பச்சை மோட்டாரைத் தூக்கி சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனேன். காயில் கட்டும் கடைக்காரர் ஒரு வாரம் ஆகும் என்றார்.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. காற்றும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை காலையில் வெங்காயத் தாள் நுனி மஞ்சள் தட்டி மடங்கியிருந்தது. வரப்போரம் இரண்டு பக்கமும் புதிதாக விட்ட மிளகாய் நாற்றங்கால் இருந்தது. வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து அதற்கு மட்டும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் என் மனைவி. அடுத்து அண்ணி. அவர்களுக்குப் பின்னால், இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் கேனோடு, ஐம்பத்தெட்டு வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு, என் அண்ணன். வரப்புக்கு எங்கள் பக்கம் இருக்கிற பாத்திகளுக்கும் அவன்தான் ஊற்றிக்கொண்டிருந்தான்.

நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். அவள் காலிக் குடத்தோடு என்னைத் தாண்டிப் போனபோது, "நம்ம பாத்திக்கு அவன் எதுக்கு ஊத்தறான்?" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு வாய் அடங்கவில்லை பாருங்கள்.

அவள் நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டாள்.

"நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, தினமும் தண்ணி கட்டச் சொல்லு, புழு பாக்கச் சொல்லுன்னு சொன்னீங்களே, அதை யார்கிட்ட சொன்னேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை.

"உங்களுக்கு அடிபட்ட சேதி வந்த அன்னைக்கு, பஸ்ஸுக்கு ஓடும்போது அவங்க வாசல்ல நின்னு 'அக்கா, வயல் உங்க பொறுப்பு'ன்னு சொல்லிட்டுப் போனேன். அக்காவைத்தான் கூப்பிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே மண்வெட்டியோட இறங்கினது உங்க அண்ணன். நாப்பது நாளும் அவர்தான். 'அவனுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா உடைஞ்ச காலோட வந்து நிறுத்துவான்'னு சொன்னதும் அவர்தான்."

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை இருந்தது.

எனக்கு அந்தக் கத்தரிக்காய்தான் முதலில் ஞாபகம் வந்தது. மில்லில் நான் பீற்றிக்கொண்ட கத்தரிக்காய். அப்புறம் என் அண்ணன் என் வயலில் தனியாகக் குனிந்து, எனக்குத் தெரியாமல், எனக்குப் புழு பார்த்த நாற்பது நாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

பூட்டைத் திறந்து நீல மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் வாய்க்காலில் விழுந்த சத்தம் கேட்டு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டையும் சாவியையும் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எதுக்கு முதல்ல விடணும் அண்ணி?" என்றேன்.

அண்ணி என் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து மண்ணை ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். "வெங்காயம் மத்தியானம் வரைக்கும் தாங்கும் அக்கா. சோளம் தாங்காது."

"அப்ப சோளத்துக்குத் திருப்புங்க தம்பி" என்றார் அண்ணி. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. இரண்டு நாளாக நான் வாய் கிழியக் கத்தியும் முடியாதது, ஒரு விரலிலும் இரண்டு வரியிலும் முடிந்துபோனது.

அண்ணன் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போய், அசல் அப்பா மாதிரியே இருந்தான். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"கால் இப்ப எப்படிடா இருக்கு?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நேற்று விழுந்து இன்று கட்டுப் போட்ட காலைக் கேட்பது மாதிரி கேட்டான்.

"பரவாயில்லண்ணே. குளிர்ல மட்டும் வலிக்கும்."

"வெந்நீர் ஊத்து" என்றான். அப்புறம் இருவரும் சோளத்துக்கு மடை திருப்பப் போனோம். பெண்கள் எங்கே திருப்பச் சொன்னார்களோ அங்கே திருப்பினோம்.

சோளம் பிழைத்தது. வெங்காயத்தில் ஓரமாக இரண்டு பாத்தி என் புண்ணியத்தில் சிறுத்துப்போனது, மற்றதெல்லாம் தேறியது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மனம் கேட்காமல் அவளிடம் கேட்டேன். "எட்டு வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

நிறுத்தியிருப்பேன். அந்த வாரமே நிறுத்தியிருப்பேன். கத்தரி காய்ந்திருக்கும். நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டே கிழவனாகி, ஒருவன் சாவுக்கு இன்னொருவன் போகாமல் செத்திருப்போம். என்னைக் கேட்டு அவள் எத்தனையோ செய்திருக்கிறாள், தகரம், வேலி, ஆடு என்று. என்னைக் கேட்காமல் செய்த இந்த ஒன்றால் எனக்கு ஓர் அண்ணன் மிஞ்சியிருக்கிறான்.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "நீ என்னைக் கேட்காம விட்டதுக்கு நான் உனக்குக் கும்பிடு போடணும்" என்றேன். முப்பது வருஷத்தில் அவளிடம் அப்படி ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கரண்டியைச் சோற்றுப் பானையில் வைத்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கும்பிடெல்லாம் வேண்டாம். சாப்பிட்டுட்டு அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. இன்னைக்கே போங்க" என்றாள்.

போனேன்.